பசித்த மண் தேடிப் பொகவந்தலாவைக்கு

சிலோனுக்கு நான் போனது மண் எடுக்க. கோயில் பார்க்கவோ குளிர் அனுபவிக்கவோ போகவில்லை. ஒரு கைப்பிடி மண், அவ்வளவுதான். எழுபத்தொன்பதாம் வருஷம், பிப்ரவரி மாதம்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் பரிசோதனைக்கூடத்தில் டெக்னீசியனாக இருந்தேன். சோதனைக் குழாய் கழுவுவதும் பாசி வளர்ப்பதும் என் வேலை. குளத்துப் படியில் வழுக்குகிற பாசி இல்லை. இது ஒற்றை உயிரணு. இரண்டு வால் உண்டு, நீந்தும். தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. லட்சக்கணக்கில் சேர்ந்தால் தண்ணீர் பச்சையாகும். இதிலும் இரண்டு பால் உண்டு. ஆனால் பார்த்துச் சொல்ல முடியாது, ஒரே அளவு, ஒரே உருவம். அதனால் ஆண் பெண் என்று சொல்லாமல் கூட்டல், கழித்தல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தின்ன இருக்கும்வரை இரண்டும் ஒன்றையொன்று திரும்பிப் பார்க்காது. தண்ணீரில் நைட்ரஜன் சத்து தீர்ந்து பட்டினி கிடந்தால்தான் ஜோடி தேடும்.

எங்கள் துறையில் வசந்தா என்று ஓர் ஆராய்ச்சி மாணவி. பசி வந்ததும் கூட்டலுக்குள் சில மரபுக் கட்டளைகள் விழித்துக்கொள்கின்றன, கழித்தலுக்குள் வேறு சில. இரண்டும் சேர்ந்த சில மணி நேரத்தில், கழித்தல் கொண்டுவந்த பச்சையத்தின் மரபுப்பொருள் அழிந்து, கூட்டலுடையது மட்டும் பிள்ளைகளுக்குப் போகிறது. ஒரே மாதிரி இருக்கிற இரண்டில், யாருக்கு எந்தக் கட்டளை என்று எது தீர்மானிக்கிறது? அதுதான் அவளுடைய கேள்வி. நாலு வருஷமாக அதிலேயே கிடந்தாள்.

அவள் சோதனைக்கு வைத்திருந்த கூட்டல் கழித்தல் ஜோடி, ஓய்வுபெற்றுப்போன எங்கள் பேராசிரியர் ஒரு காலத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கொண்டுவந்த மண்ணில் முளைத்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பாசி எதுவும் அதோடு சேரவில்லை. அப்படிப்பட்ட ஜோடியில் பாதியை நான் கொன்றேன்.

மாதம் ஒருமுறை பழைய குழாயிலிருந்து புதுக் குழாய்க்கு மாற்ற வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்குப் போகிற அவசரத்தில், இரண்டு புதுக் குழாயிலும் கூட்டலையே விட்டுவிட்டேன். பழைய குழாய்களை அன்றைக்கே கொதிக்கவைத்துக் கழுவியும் விட்டேன். மாற்றாக வைத்திருந்த கழித்தல் குழாய் முந்தின கோடையில் செத்திருந்தது. அதைப் புதுப்பிக்காததும் நான்தான். அதன்பிறகு வசந்தாவின் சோதனை எதுவும் நடக்கவில்லை. ஜோடி சேரவில்லை. உப்பு சரியில்லை என்றாள், விளக்கு சரியில்லை என்றாள், கடைசியில் தன் கையே சரியில்லை என்று அழுதாள். உப்பு விற்றவனை அவள் திட்டியபோது நானும் சேர்ந்து திட்டினேன். எனக்கு உண்மை தெரிந்து அப்போது மூன்று வாரம்.

என் பெரியப்பா மகள் ரோசம்மா பொகவந்தலாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அதைச் சொல்லி லீவு வாங்கினேன். பழைய இடத்து மண் கொஞ்சம் கையிருப்பில் இருக்கட்டும் என்று துறைத்தலைவரிடம் சொன்னேன். அதுவும் பொய்தான்.

ஹட்டனில் இறங்கியபோது பல் கிடுகிடுத்தது. திருச்சிக்காரனுக்குப் போர்வை என்றால் துண்டு. அந்தத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நோர்வூட் வரை வந்தேன். அடுத்த பஸ் வரவில்லை. எதிரே ஒரு பலசரக்குக் கடை. கடைக்காரர் காதர் நானா. அங்கே முஸ்லிம் பெரியவர்களை நானா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் நடுங்குவதைப் பார்த்து, யார் எவர் என்று கேட்காமல், பால் இல்லாத தேநீர் ஒரு கோப்பையும் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் தந்தார். சீனியை நக்கி நக்கிக் குடிக்க வேண்டும். உலகத்துக்கே தேயிலை அனுப்புகிற ஊரில் குடிப்பது தூள் சலித்த மிச்சம். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அந்தத் தேநீர் மாதிரி ஒன்றை நான் அதுவரை குடித்ததில்லை.

ரோசம்மாவின் வீடு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், நாலாவது காம்பரா. ஒரு அறை, முன்னால் ஒரு சின்ன ஒதுக்கு. புருஷன் பெயர் லூர்து, தோட்டத்தில் உரம் போடும் கூட்டத்தில் வேலை. என்னை அவர்கள் பார்த்ததே இல்லை, கடிதம்தான். இருந்தும் அறையை எனக்கு விட்டுவிட்டு ஒதுக்கில் படுத்தார்கள். நான் மறுத்தேன். "அண்ணே, நீங்க வெளியில படுத்து வெறச்சுப் போனா திருச்சிக்கு யாரு பதில் எழுதுறது?" என்றாள் ரோசம்மா. கோதுமை ரொட்டியும், மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டச் சம்பலும் தந்தாள். காது அடைத்தது. மூன்று ரொட்டி தின்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்குப் போனார்கள். பெரட்டு என்றால் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடம். அவர்கள் போனதும் நான் என் வேலையைத் தொடங்கினேன். வரும் வழியில் காதர் நானா கொடுத்த மருந்துப் போத்தல்களில், மலை ஓடையிலிருந்து லயத்துப் பீலியில் வந்து விழுகிற தண்ணீர், தேயிலைக்கு நடுவே தண்ணீர் வடிய வெட்டியிருக்கும் கான்களின் சேறு, கோயில் பக்கத்துக் குட்டை எல்லாம் பிடித்தேன். எங்கே பார்த்தாலும் பச்சை. தொடங்கின அன்றே வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மாலையில் லூர்து வந்து போத்தல்களை வரிசையாகப் பார்த்தார். "மச்சான், எங்க ஆளுக கடல் தாண்டித் தங்கம் கொண்டு வருவாங்க, சேலை கொண்டு வருவாங்க. கான் தண்ணி பிடிக்கக் கடல் தாண்டி வந்தவரு நீங்கதான்."

அடுத்த நாள் ஹட்டனுக்குப் புறப்பட்டேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆக்னஸ் டீச்சர் ரோசம்மாவுக்குக் கோயிலில் பழக்கம். அவரிடம் நுண்ணோக்கி இருந்தது.

பொகவந்தலாவை ரோட்டைப் பற்றி யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. பாம்பு படுத்தால்கூட அதைவிட நேராகப் படுக்கும். ஒரு வளைவில் எதிரே தேயிலை லாரி வந்தது. எங்கள் பஸ் பின்னால் போனது. பின்சக்கரம் கானுக்குள் இறங்கியது. எல்லோரும் ஒரு பக்கம் சரிந்தோம். என் மடியிலிருந்த ஒன்பது போத்தலில் நாலு உடைந்தது. நான் கத்தினேன். திருச்சித் தமிழில் எத்தனை வசவு உண்டோ அத்தனையும் சொன்னேன். கண்டக்டர் சிங்களவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஏதோ சொன்னார். பஸ் முழுக்கச் சிரித்தது. பக்கத்திலிருந்த அம்மாவிடம் என்ன என்று கேட்டேன். "அது என்ன மருந்துத் தண்ணின்னு கேக்குறாரு. கோவத்துக்குன்னா மிச்ச அஞ்சு போத்தலையும் இப்பவே குடிச்சிருங்கன்னு சொல்றாரு."

அந்தக் கண்டக்டர்தான் பிறகு என் போத்தல் பையைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்ஸைத் தள்ளினார். பஸ் மேலே ஏறும்வரை இறக்கி வைக்கவில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. வெட்கமாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்து நுண்ணோக்கி பித்தளை. அடியில் கண்ணாடி, அதில் வெயில் பட்டால்தான் தெரியும். ஹட்டனில் வெயில் எங்கே? பனி மூட்டம் ஜன்னல் வழியாக வகுப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. ஆக்னஸ் டீச்சர் தன் மத்தியானச் சாப்பாட்டைப் பாதி எனக்குத் தந்தார். பாணும் பருப்பும். பாண் என்றால் நம் பேக்கரி ரொட்டி. அவர்கள் ரொட்டி என்பது வேறு. இரண்டு மணிக்கு வெயில் கால் மணி நேரம் வந்தது. அந்தக் கால் மணியில் ஐந்து போத்தலையும் பார்த்தோம்.

நீந்தின. ஆயிரக்கணக்கில், கொழுகொழுவென்று நீந்தின. ஆனால் எனக்கு வேண்டியது அது இல்லை. ஜோடி சேர்ந்தவை வாலை உதிர்த்து, கெட்டி ஓடு போட்டு, உருண்டை வித்தாகிவிடும். அது காய்ந்தாலும் சாகாது. ஒரு வித்து முளைத்தால் நாலு பிள்ளை. இரண்டு கூட்டல், இரண்டு கழித்தல். ஆகவே ஒரே ஒரு வித்து கிடைத்தாலும் என் பிழைப்பு நடக்கும். ஓடு போடாமல் நீந்துகிறவை திருச்சி போவதற்குள் செத்துவிடும். ஐந்து போத்தலிலும் ஒரு வித்துகூட இல்லை.

நாலாம் நாள் மழை போலப் பனி. லயத்தைச் சுற்றி இன்னும் ஆறு இடத்தில் தண்ணீர் பிடித்தேன். ஐந்தாம் நாள் மறுபடி ஹட்டன்; சனிக்கிழமையானாலும் டீச்சர் எனக்காகப் பள்ளிக்கூடத்தைத் திறந்தார். மறுபடி வெயிலுக்குக் காத்திருப்பு. மறுபடி ஒன்றுமில்லை. ஆக்னஸ் டீச்சர் ஒவ்வொரு துளியையும் என்னைவிடக் கவனமாகப் பார்த்தார். கடைசியில், "இதுகள் எல்லாம் நல்லாச் சாப்பிட்டதுகள் போல இருக்கே" என்றார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. இருபது வருஷம் இதே பாசியைப் பட்டினி போட்டு ஜோடி சேர்த்தவன் நான்.

அன்று மாலை வீடு திரும்பி, சாப்பாடு வேண்டாம் என்றேன். ரோசம்மா வேறு பேச்சு எடுத்தாள். புதிதாகப் பிடித்த தண்ணீரிலும் ஒன்றும் கிடைக்கவில்லையா என்று லூர்து கேட்டார். நான் எரிந்து விழுந்தேன். இங்கே பாசிகூட உருப்படியில்லை என்றேன். சொன்னவுடன் நாக்கைக் கடித்தேன். ரோசம்மா ரொட்டித் தட்டை மறுபடி என் பக்கம் தள்ளி வைத்தாள். அதைத் தாங்காமல்தான் எல்லாவற்றையும் கொட்டினேன். வெள்ளிக்கிழமை அவசரம், குழாய், வசந்தா அழுதது, நான் சேர்ந்து திட்டியது எல்லாம். பாசிக்குப் பசித்தால்தான் ஜோடி சேரும் என்பதையும் சொன்னேன்.

லூர்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. எனக்கு அவரை அடிக்கலாம்போல் இருந்தது.

"மச்சான், நீங்க தண்ணி பிடிச்ச பீலி எது? மேல ஆளுக உரச் சாக்கு கழுவுற பீலி."

அப்போதுதான் கதவுக்குப் பின்னால் தொங்கியதைப் பார்த்தேன். பெண்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் சுற்றிக்கொள்கிற படங்கு. உரச் சாக்கைப் பிரித்துத் தைத்தது. தலையில் போடுவதும் அதே சாக்குதான். உரம் போட்டு முடிந்த அன்றைக்கே சாக்கைக் கழுவித் தைக்கிறார்கள், கழுவாமல் கட்டினால் தோல் அரிக்கும். உரத்து நைட்ரஜன் கரைந்த அந்தத் தண்ணீர் பீலியிலிருந்து கானுக்கும், கானிலிருந்து குட்டைக்கும் போகிறது. முறை வைத்து ஏதாவது ஒரு மலைக்கு உரம் போட்டுக்கொண்டே இருக்கிற தோட்டத்தில், லயத்தைச் சுற்றி எங்கே பிடித்தாலும் பாசிக்கு விருந்துதான். ஐந்து நாளாக என் கண்ணெதிரே அந்தச் சாக்கு தொங்கியது. நான் சம்பலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பட்டினி கெடக்குற மண்ணு வேணும்னா கவ்வாத்து மலைக்கு வாங்க" என்றார் லூர்து. "அங்க நாங்க உரம் போட்டு மாசக்கணக்காச்சு."

கவ்வாத்து என்பது தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவது. வெட்டுவதற்குச் சில மாதம் முன்பே உரத்தை நிறுத்திவிடுவார்கள். புதுத் துளிர் வந்து தட்டம், அதாவது செடியின் மேல்மட்டம், சமமாகிறவரை போட மாட்டார்கள்; இலை இல்லாத செடிக்கு உரம் போட்டால் மழையோடு போய்விடும். லூர்து இருபது வருஷமாகச் செய்கிற வேலை. எந்த மலை எத்தனை நாளாகப் பட்டினி என்று அவருக்குத் தலைக்குள் இருந்தது. எங்கள் துறையில் யாருக்கும் அது தெரியாது.

எழுந்தவர் திரும்பி உட்கார்ந்தார். "அந்தப் புள்ளைக்குத் தெரியுமா, நீங்கதான் அழிச்சீங்கன்னு?"

தெரியாது என்றேன். மண் முளைத்து, கழித்தல் கையில் கிடைத்தபிறகு சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன் என்றேன்.

"மொளைக்கிறதுக்கு முன்னாடி சொல்லுங்க மச்சான். மொளச்ச பெறகு யாரு வேணும்னாலும் சொல்லுவான்."

ரோசம்மா அவரை முறைத்தாள். விருந்தாளியிடம் இப்படியா பேசுவது என்கிற முறைப்பு. நான் ரொட்டியை எடுத்துத் தின்றேன். வேறு என்ன செய்ய?

ஆறாம் நாள் ஞாயிறு. பூசை முடிந்து நேரே மலைக்கு ஏறினோம். வழியில் தோட்டத்துக் கண்டாக்கு, அதாவது வேலையை மேற்பார்க்கிற அதிகாரி, எங்களை நிறுத்தினார். மண்ணைப் பரிசோதிக்க அரசாங்கம் அனுப்பிய ஆளோ என்று பயந்துபோயிருந்தார். லூர்து, "மச்சானுக்குக் கொஞ்சம் மண்ணு வேணுமாம்" என்றார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவருக்கும் என் நன்றி.

கவ்வாத்து மலை பார்க்க நன்றாக இல்லை. மொட்டைக் கட்டைகள், காய்ந்த குச்சி, வெயில் நேரே மண்ணில். கானில் தண்ணீர் வற்றி, ஓரத்தில் ஆரஞ்சும் பழுப்புமாக ஒரு மெல்லிய பொருக்கு படிந்திருந்தது. பார்த்தவுடன் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பச்சையாக இருந்தால் தின்கிறது; பழுப்பாகிவிட்டால் வித்துப் போட்டிருக்கலாம். மண் சுரண்டக் கொண்டுவந்திருந்த தன் உரக் கரண்டியை லூர்து எடுத்துக் கொடுக்க வந்தார். அதை மட்டும் தொடாதீர்கள் என்று கத்தினேன். இந்த முறை என் கத்தலில் நியாயம் இருந்தது. அவரும் சிரித்துக்கொண்டே கரண்டியைப் பின்னால் மறைத்தார். விரலால் சுரண்டினோம், மூன்று இடத்தில்.

மறுநாள் மூன்று மண்ணையும் நோர்வூட்டில் காதர் நானா கடையில் பொட்டலம் கட்டினேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, பெயர் எழுத வேண்டும் என்று பதறினேன். மை ஈரத்தில் அழியும் என்றார் நானா. சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று மூன்று நூல் எடுத்து மூன்றையும் கட்டினார். "நாப்பது வருஷமாக் கொத்தமல்லியும் சீரகமும் இப்பிடித்தான். கண்ண மூடிக்கிட்டு எடுத்தாலும் மாறாது" என்றார். எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவருக்கு என் குழாய்க் கதை தெரியாது.

ஹட்டனில் அன்று காலையிலேயே வெயில். வெள்ளை நூல் மண்ணைத் துளித் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடியில் வைத்தோம். ஆக்னஸ் டீச்சர் முதலில் பார்த்தார். நெடுநேரம் தலை நிமிரவில்லை. பிறகு நகர்ந்து இடம் விட்டார்.

கெட்டி ஓட்டோடு, ஆரஞ்சு நிறத்தில், உருண்டையாக. ஒன்று இல்லை. பதினேழு எண்ணினேன், அதற்குள் வெயில் போய்விட்டது.

டீச்சர் அதை வகுப்புப் பிள்ளைகளுக்கும் காட்டலாமா என்று கேட்டார். வெள்ளை நூல் மண்ணில் பாதி அவருக்குக் கொடுத்தேன். நான் கொடுத்ததாக எழுதுவது தப்பு. அது அந்த ஊர் மண்.

கப்பலுக்கு முந்தின சோதனையில் பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னார்கள். இதை எடுத்துக்கொண்டால் எல்லாம் முடிந்தது. எனக்கு முன்னால் நின்ற குடும்பம் ஒரேயடியாக இந்தியாவுக்குப் போகிற குடும்பம், இந்தியக் குடியுரிமைக் காகிதம் வந்துவிட்டதாம். அவர்கள் பெட்டியிலும் துணியில் முடிந்த மண் இருந்தது. அதிகாரி அதை முகர்ந்துவிட்டு வைத்துவிட்டார். என்னுடையதையும் பார்த்தார், சிங்களத்தில் சொன்னார். பக்கத்திலிருந்தவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "உங்ககிட்டயும் மண்ணுதானான்னு கேக்குறாரு. இப்பிடியே போனா ஒரு நாளைக்கி மலையே அந்தப் பக்கம் வந்து சேந்துருமாம்." பொட்டலத்தை அதே வெள்ளை நூலால் கட்டி அவரே திருப்பித் தந்தார். ஊரை விட்டுப் போகிறவன் மண் என்று நினைத்தாரோ என்னவோ. நான் திருத்தவில்லை.

திருச்சியில் காலை எட்டரைக்கு வசந்தா பரிசோதனைக்கூடத்தில் இருந்தாள். பொட்டலத்தை மேஜையில் வைத்தேன். பிரிக்கவில்லை, நனைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை என்ன செய்தேன் என்பதையும், உப்புக்காரனை நான் ஏன் திட்டினேன் என்பதையும். அவள் நோட்டை மூடிவிட்டு வெளியே போனாள். ஒன்பது நாள் என்னிடம் பேசவில்லை. பேசாமலே வந்து வேலை செய்தாள், நானும் செய்தேன். மண்ணை அவள்தான் நனைத்தாள்.

முளைத்ததை ஒவ்வொன்றாகப் பிரித்து, வளர்த்து, பட்டினி போட்டு, எங்கள் கூட்டலோடு கலந்து பார்க்க மேலும் மூன்று வாரம் ஆனது. ஒருநாள் முற்பகல் நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்து, "அண்ணே, நீங்க பாருங்க" என்றாள். பார்த்தேன். கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. அவள் என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. கழித்தல் குழாயில் வெள்ளை நூலும் கூட்டலில் சிவப்பு நூலும் அன்றைக்கே கட்டினேன். அவள் ஆராய்ச்சி முடித்துப் போனபிறகும் அந்த நூல் இருக்கிறது.

லூர்துக்கு எழுதினேன். முளைப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன் என்றும், பிறகு முளைத்தது என்றும், ஜோடி சேர்ந்தது என்றும். பதில் ரோசம்மா கையெழுத்தில் வந்தது, பேச்சு லூர்துடையது.

"மச்சானுக்கு. கல்யாணம் முடிஞ்சதுல சந்தோசம், சாப்பாடு போடாததுல வருத்தம். நீங்க மண்ணு எடுத்த மலைக்கு வர்ற திங்கக்கெழமையில இருந்து உரம் போடப் போறோம். அதுனால நேத்து வேல முடிஞ்சு போயி அதே கான்ல ஒரு பை மண்ணு சொரண்டிக் கட்டிலுக்குக் கீழ வச்சிருக்கேன். கரண்டி படல, கையிலதான் எடுத்தேன். மறுபடி எப்பவாச்சும் அழிச்சீங்கன்னா எழுதுங்க."